எருமை ஓரத்தைத் தாண்டியது

எங்கள் வாடிக்கரையில் புத்திசாலிகள் ஏராளம். அவர்களைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. காலையில் எழுந்து வேலைக்குப் போய், ஒழுங்காக வீடு திரும்பிவிடுகிறார்கள். சொல்வதற்கென்று இருப்பவர்கள் மூன்று பேர்தான்: அழகர்சாமி, வெள்ளைக்கண்ணு, தவசி. மூவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள், சகலைகள். ஒரே வீட்டுக்கு இப்படி மூன்று மாப்பிள்ளைகள் எப்படி அமைந்தார்கள் என்று ஊரே இன்னும் வியக்கிறது. மாமனார் மட்டும் வியப்பதில்லை, பெருமூச்சு விடுகிறார்.

மாமனார் முதலில் அவர்களை வயலுக்குத்தான் அனுப்பினார். "நாத்தங்கால்ல ஆடு புகுந்தா விரட்டுங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனார். மூவரும் கம்போடு வரப்பில் உட்கார்ந்தார்கள். ஆடு வந்தது. வரப்பில் நின்று யோசித்தது. இவர்களும் யோசித்தார்கள். இன்னும் புகவில்லையே, புகாத ஆட்டை எப்படி விரட்டுவது? அது புகும்வரை பொறுமையாக இருந்து, பிறகு மூச்சு வாங்க விரட்டினார்கள். மறுநாள் ஆடு ரொம்ப நேரம் தயங்கியது. தவசி பின்னாலிருந்து அதைத் தள்ளி உள்ளே விட்டுவிட்டு விரட்டினார். வேலை சீக்கிரம் முடிந்தது.

அதற்கப்புறம்தான் மாமனார் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடை பிடித்தார். ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வாங்கிப் போட்டு, ‘மூவர் டி.டி.பி. சென்டர்’ என்று போர்டு மாட்டிக் கொடுத்தார். கம்ப்யூட்டரை ஆடு மேயாது என்பது அவர் நினைப்பு.

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கியவர் மதுரைக்காரத் தம்பி ஒருவர். தமிழில் டைப் அடிப்பது எப்படி என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டே ரெண்டு விஷயத்தை மட்டும் மறந்துராதீங்க. வரி வலது ஓரத்தைத் தாண்டக் கூடாது. பத்தி நிரம்பி இருக்கணும். இது போதும், பிழைச்சுக்குவீங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினார்.

வரிகள் அங்கங்கே பாதியில் அறுந்து நிற்காமல் ஓரம்வரை ஓடி, அடுத்த வரிக்கு ஒழுங்காகத் திரும்ப வேண்டும் என்றுதான் அந்தத் தம்பி சொல்ல நினைத்தது. பாவம், அவர் நினைத்தது அவரோடு பஸ்ஸில் போய்விட்டது. இவர்களிடம் இருந்தது அவர் சொன்னது மட்டும்தான். தினமும் காலையில் கடை திறந்ததும் கம்ப்யூட்டருக்குச் சூடம் காட்டி, மூவரும் கை கூப்பி, "வரி ஓரத்தைத் தாண்டக் கூடாது, பத்தி நிரம்பி இருக்கணும்" என்று சேர்ந்து சொல்லிவிட்டுத்தான் பட்டனை அமுக்குவார்கள்.

ஒரு நாள் காலையில் சூடம் அணைவதற்குள் மூக்காயி ஓடி வந்தார். கீழத்தெருவில் பால் ஊற்றும் அம்மாள். தலை வாரவில்லை, கண் சிவந்திருந்தது.

"ஏப்பா தம்பிகளா, என் எருமையைக் காணோம்ப்பா. நேத்து மேய்ச்சலுக்குப் போனது வீடு திரும்பல. இன்னிக்கோ நாளைக்கோ கன்னு போடணும். ஓடைக்குள்ள எங்கிட்டாவது தனியா விழுந்து கெடந்தா தாயும் போயிரும், புள்ளையும் போயிரும். எனக்கு அதை விட்டா யாருய்யா இருக்கா? ஒரு நோட்டீஸ் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டிக் குடுங்கய்யா."

அழகர்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் முட்டாளாக இருக்கலாம், கல்நெஞ்சக்காரர் இல்லை. "அக்கா, அழுகாதீங்க. நீங்க சொல்லுங்க, வெள்ளைக்கண்ணு அடிப்பாரு. உங்க எருமை இன்னிக்கே வந்துரும்" என்றார்.

மூவரில் டைப் அடிக்கத் தெரிந்தவர் வெள்ளைக்கண்ணு. ஒற்றை விரலால் அடிப்பார். மற்ற ஒன்பதையும் அவை கெட்டுப்போகாமல் மடக்கி வைத்திருப்பார். மூக்காயி மூச்சு விடாமல் சொன்னார், வெள்ளைக்கண்ணுவும் விரலை எடுக்காமல் அடித்தார்.

"காணவில்லை. கறுப்பு நிறச் சினை எருமை. ஒரு கொம்பு முன்பக்கம் வளைந்திருக்கும். இடது காது கிழிந்திருக்கும். கண்டவர்கள் மூக்காயியிடம் தகவல் சொல்லவும்."

அடித்து முடித்து நிமிர்ந்து பார்த்தால் திரையில் பாதிதான் இருந்தது. ‘காணவில்லை. கறுப்பு நிறச் சினை எருமை. ஒரு கொம்பு முன்பக்கம் வளை’ என்பதோடு திரை முடிந்துவிட்டது. அதற்கு மேல் அடித்ததெல்லாம் வலது ஓரத்தைத் தாண்டிப் போயிருந்தது.



"பெரிய சகலை" என்றார் வெள்ளைக்கண்ணு. "வரி ஓரத்தைத் தாண்டிருச்சு."

"எது வரைக்கும் இருக்கு?" என்றார் மூவரில் மூத்தவரான அழகர்சாமி.

"கொம்பு பாதி வரைக்கும் இருக்கு. காது வெளியே போயிருச்சு. மூக்காயி அக்காவும் வெளியே போயிட்டாங்க."

"நான் இங்கதானப்பா நிக்கிறேன்" என்றார் மூக்காயி.

அழகர்சாமி எழுந்து வந்து, திரையின் வலது ஓரத்தை முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்தார். திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே வயரும் ஒரு செத்த பல்லியும்தான் இருந்தன. பிறகு கையை நீட்டி, வரி எந்தத் திசையில் போயிருக்கிறது என்று பார்த்தார். திரைக்கு வலப்பக்கம் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் சம்சுதீன் பாயின் மாவு மில்.

"நேரா மில்லுக்குள்ள போயிருக்கு" என்றார்.

மூவரும் மாவு மில்லுக்குப் போனார்கள். சம்சுதீன் பாய் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், நம்ம வரி ஒண்ணு இந்தப் பக்கம் வந்துருச்சு. ஒரு காதும் கொஞ்சம் தகவலும். பாத்தீங்களா?" என்று கேட்டார் அழகர்சாமி.

பாய் இவர்களோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு ரொம்ப நாளாகிறது. எதற்கும் ஆச்சரியப்படுவதை அவர் விட்டுவிட்டார். "நான் பாக்கல. வந்திருந்தா அரைச்சிருப்பேன். அந்த மூட்டைக்குப் பின்னாடி தேடிக்கங்க" என்றார்.

தவசி மூட்டைகளுக்குப் பின்னால் புகுந்து தேடினார். திரும்பி வரும்போது தலையிலிருந்து கால்வரை மாவாக இருந்தார், கண்ணில் மிளகாய்த்தூளும் பட்டுத் தண்ணீர் கொட்டியது. "எழுத்து எதுவும் இல்லை சகலை" என்று தும்மினார்.

கடைக்குத் திரும்பி ஆலோசனை நடந்தது.

"வரி மேல தப்பில்லை. நாமதான் வலது பக்கம் எடம் விடல. மேஜையை இடது பக்கம் தள்ளிட்டா வரி போக எடம் கிடைக்கும்" என்றார் வெள்ளைக்கண்ணு.

மேஜையை இடது சுவரில் இடிக்கும்வரை தள்ளினார்கள். அப்போதும் கொம்பு பாதியில்தான் நின்றது. பிறகு அழகர்சாமிக்கு ஒன்று தோன்றியது. மேஜையைத் திருப்பி, திரையின் வலது ஓரம் கடை வாசலைப் பார்க்கும்படி வைத்தார்கள். இப்போது வரி எவ்வளவு நீளமானாலும் ரோட்டில் தாராளமாகப் போகலாம்.

"ரோட்டுல பஸ் வருமே. எழுத்து மேல ஏத்திட்டான்னா?" என்றார் தவசி.

நியாயமான பயம்தான். தவசியே சிவப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டின் நடுவில் போய் நின்றார். உடம்பெல்லாம் மாவோடு ஒரு மனிதர் அழுதுகொண்டு சிவப்புத் துண்டை ஆட்டினால் எந்த டிரைவர் நிறுத்தமாட்டார்? இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றுவிட்டன. ஏதோ பெரிய சாவு என்று பயணிகள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள்.

"ஏப்பா, என் எருமைப்பா" என்றார் மூக்காயி. அந்த அம்மாளைப் பார்க்க எனக்கே பாவமாக இருக்கிறது.

கடைசியில் அழகர்சாமி மதுரைத் தம்பிக்குப் போன் போட்டார். "தம்பி, ஒரு எருமை ஓரத்தைத் தாண்டிருச்சு. பஸ்ஸை எல்லாம் நிறுத்தி வச்சிருக்கோம். மேற்கொண்டு என்ன செய்யணும்?"

 தம்பி விஷயத்தைத் துருவித் துருவிக் கேட்டுப் புரிந்துகொண்டு, "அண்ணே, மேல ‘வடிவம்’னு ஒண்ணு இருக்கும். அதை அமுக்குங்க. ‘வரி மடிப்பு’னு போட்டு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதுல ஒரு டிக் போட்டா முடிஞ்சுது. ஓரத்தைத் தாண்டுறது எதுவா இருந்தாலும் தானா கீழே இறங்கி, இடது பக்கத்துல இருந்து ஆரம்பிச்சுக்கும்" என்றார்.

வெள்ளைக்கண்ணு பெட்டியைத் தேடிப் பிடித்து டிக் போட்டார். போட்டதும் வளைந்த கொம்பு, கிழிந்த காது, கண்டவர்கள், மூக்காயி எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக அடுத்த வரிகளில் வந்து இறங்கினார்கள். மூவருக்கும் புல்லரித்துவிட்டது. மேஜையைப் பழையபடி திருப்பி வைக்கத் தவசி ரோட்டிலிருந்து ஓடி வந்தார். பஸ்கள் அவர் போனதற்காக ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பின.

"அக்கா! வந்துருச்சு! எல்லாம் வந்துருச்சு!" என்று கூவினார் அழகர்சாமி.

மூக்காயி துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினார். "எங்கப்பா? எங்க?"

"வரி அக்கா. வரி வந்துருச்சு."

 மூக்காயி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "அடிச்சதை ஒட்டிருங்க சாமிகளா. நான் கண்மாய்ப் பக்கம் தேடிப் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். இருந்து படித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் சினை மாட்டைத் தொலைத்தவருக்கு உட்காரப் பொறுமை எங்கே வரும்?

இனி பிரிண்ட் போட வேண்டியதுதான் பாக்கி. வெள்ளைக்கண்ணு பட்டனில் விரலை வைத்தார். அழகர்சாமி அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

"பொறு சகலை. கடைசி வரியைப் பாரு."

கடைசி வரியில் ‘சொல்லவும்’ என்ற ஒரே வார்த்தை இடது ஓரத்தில் தனியாக நின்றது. அதற்கப்புறம் வலது ஓரம்வரை வெறும் வெள்ளை.

"பத்தி நிரம்பல" என்றார் அழகர்சாமி மெதுவாக.

மூவரும் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்குக் காலையில்கூடச் சூடம் காட்டிச் சொன்ன வாக்கு.

"புள்ளி புள்ளியா வச்சு நிரப்பிரலாமா?" என்றார் தவசி.

"தப்பு. அது அரிசி மூட்டையில தவிட்டைக் கொட்டி நிரப்புற மாதிரி. அக்கா நம்மளை நம்பி விட்டுட்டுப் போயிருக்காங்க. எருமையைப் பத்தி எழுதித்தான் நிரப்பணும்" என்றார் அழகர்சாமி.

"எருமையைப் பத்தி வேற ஒண்ணும் அவங்க சொல்லலையே?"

"மாட்டைத் தொலைச்ச வருத்தத்துல மறந்திருப்பாங்க. நாமதான் எடுத்துக் குடுக்கணும்."

வெள்ளைக்கண்ணு ‘நெற்றியில் வெள்ளைச் சுழி உண்டு’ என்று அடித்தார். அழகாக ஓடி, ஓரத்துக்கு வந்து, ‘உண்டு’ மட்டும் இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. இப்போது புதிதாக ஒரு வரி, அதில் ஒரே வார்த்தை.

"திரும்பவும் நிரம்பல."

‘கழுத்தில் வெண்கல மணி கட்டியிருக்கும்’ என்று சேர்த்தார்கள். வரி நிரம்பி, ‘கட்டியிருக்கும்’ கீழே இறங்கியது. ‘வெங்காயம் தின்னாது’ என்றார்கள். கொஞ்சம் இடம் மீதி இருந்தது. ‘பெரியவர்களைக் கண்டால் ஒதுங்கி நிற்கும்’ என்று போட்டார்கள். ‘நிற்கும்’ கீழே போய் நின்றது.

"சகலை, இதெல்லாம் பொய்யாகாதா?" என்று கேட்டார் தவசி. அவருக்கு மனசாட்சி கொஞ்சம் அதிகம்.

அழகர்சாமி தாடையைத் தடவினார். "அப்படின்னா உண்மையா ஒண்ணு சொல்லு, அதைப் போடுவோம்."

தவசி ரொம்ப நேரம் யோசித்து, "வாய் திறந்து பேசாது" என்றார்.

மூவருக்கும் அது பிடித்திருந்தது. எந்த எருமை பேசுகிறது? யாரும் குற்றம் சொல்ல முடியாது. அடித்துப் பார்த்தார்கள். வலது ஓரம்வரை வந்து, கடைசி வார்த்தைக்கு மட்டும் துளி இடம் போதவில்லை. ‘பேசாது’ கீழே இறங்கிவிட்டது.

வெள்ளைக்கண்ணு தலையில் கை வைத்தார். "இந்தப் பெட்டியில இருக்கிற டிக்கை எடுத்துரலாமா?"

"எடுத்தா மில்லுக்குள்ள போயிரும். பாய் அரைச்சிருவாரு" என்றார் அழகர்சாமி. பிறகு பத்தியை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். "மேல எங்கயாவது ஒரு சின்ன வார்த்தையைத் தூக்கிட்டா எல்லாம் கொஞ்சம் நகர்ந்து எடம் குடுக்கும். எது வேண்டாத வார்த்தை?"

"‘எருமை’?"

"அது வேணும்."

"‘காணவில்லை’?"

"அதுவும் வேணும். ‘சினை’னு ஒண்ணு இருக்கே, அது என்னத்துக்கு?"

"எருமை சினையா இருக்குன்னு அக்கா சொன்னாங்க."

"சினை இல்லாமலும் எருமை இருக்கத்தானே செய்யுது?"

 வெள்ளைக்கண்ணு ‘சினை’யை எடுத்தார். எல்லா வரிகளும் லேசாக அசைந்து மேலே ஏறின. ‘பேசாது’ தன் வரிக்குத் திரும்பி, வலது ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அழகர்சாமி எதிர்த்த கட்டடத்தில் வேலை செய்த கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கி வந்து திரையில் தொங்கவிட்டுப் பார்த்தார். ஓரம் நேராக இருந்தது. பத்தி நிரம்பியிருந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள்.

நோட்டீஸை டீக்கடை, ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு, மாவு மில் எல்லா இடத்திலும் ஒட்டினார்கள்.

பலன் உடனே தெரிந்தது. மூக்காயி வீடு பூட்டியிருந்ததால் ஊரே கடைக்கு வந்தது. "இந்த மாதிரி எருமையை நான் எங்கயுமே பாக்கல" என்று தகவல் சொல்லிவிட்டுப் போவதற்காக ஒவ்வொருவரும் வந்தார்கள். நோட்டீஸில் தகவல் சொல்லச் சொல்லியிருந்ததே. அழகர்சாமி எல்லாரையும் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பார்க்காதவர்களே இத்தனை பேர் என்றால் பார்த்தவர் வந்துவிட எவ்வளவு நேரம் ஆகும் என்று மகிழ்ந்தார். கொய்யாப்பழக்காரர் ஒருவர் மட்டும், எருமை கிடைத்தால் விலைக்குக் கொடுப்பார்களா, தன் மகனைவிட அதற்குக் குணம் நன்றாக இருக்கிறதே என்று விசாரித்துவிட்டுப் போனார்.

வெயில் இறங்கும் நேரத்தில் ஊர்த் தண்ணீர் மோட்டார் ரூமைப் பார்த்துக்கொள்ளும் வீரணன் ஒரு எருமையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். கறுப்பு எருமை. ஒரு கொம்பு முன்பக்கம் வளைந்திருந்தது, இடது காது கிழிந்திருந்தது, வயிறு தரையைத் தொட்டுவிடும்போல் இருந்தது.

"கண்மாய்க்கு அந்தப் பக்கம் கருவக்காட்டுல நின்னுச்சுய்யா. மூக்காயி அக்கா எருமைதான் இது. அக்கா வீடு பூட்டியிருக்கு, அதான் உங்ககிட்டக் கொண்டாந்தேன்" என்றார்.

மூவரும் வெளியே வந்தார்கள். அழகர்சாமி நோட்டீஸை விரித்துப் பிடித்துக்கொண்டார். தவசி எருமையின் முகத்துக்கு நேராகப் போய் நின்றார்.

"நெற்றியில் வெள்ளைச் சுழி?"

"இல்லை சகலை."

"கழுத்தில் வெண்கல மணி?"

"கயிறுதான் இருக்கு."

"பெரியவர்களைக் கண்டால் ஒதுங்குதா?"

வயதில் மூத்தவர் என்பதால் அழகர்சாமியே எருமையின் முன்னால் போய் நின்று பார்த்தார். எருமை ஒதுங்கவில்லை. அவர் காலை மிதித்தது.

வெள்ளைக்கண்ணு உள்ளே ஓடி மதியச் சாப்பாட்டில் மிஞ்சிய வெங்காயத்தை எடுத்து வந்து நீட்டினார். எருமை அதைத் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று அவர் கையைப் பார்த்தது.

அழகர்சாமி நோட்டீஸை மடித்துப் பையில் வைத்தார். "வீரணா, மன்னிச்சுக்கப்பா. கொம்பும் காதும் சரியாத்தான் இருக்கு. குணம்தான் சரியில்லை. இது வேற யாரோட எருமையோ."

"யோவ், அக்கா வீட்டுல தெனம் பால் வாங்குறவன்யா நான். இந்த எருமையை எனக்குத் தெரியாதா?"

"நீ வாயால சொல்ற. இங்க அச்சுல இருக்கு. ஓரம் எவ்வளவு நேரா இருக்கு பாரு. தப்பா இருந்தா இப்படி நிரம்பி நிக்குமா?"

வீரணன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கயிற்றைக் கடை வாசல் கம்பத்தில் கட்டினார். "அக்காவைத் தேடிக் கூட்டிட்டு வாறேன். அது வரைக்கும் சாமி சத்தியமா நீங்க எதுவும் செய்யாதீங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தார்.

யாரோ ஒரு பாவப்பட்ட மனிதரின் எருமை தங்கள் வாசலில் நிற்பது மூவருக்கும் வேதனையாக இருந்தது. மூக்காயி அக்காவைப் போலவே அவரும் எங்கேயோ அழுதுகொண்டிருப்பாரே. உடனே உட்கார்ந்து ‘கண்டெடுக்கப்பட்டது’ என்று இன்னொரு நோட்டீஸ் அடிக்கத் தொடங்கினார்கள். கறுப்பு நிறம், வளைந்த கொம்பு, கிழிந்த காது, பெரிய வயிறு என்று எருமையைப் பார்த்துப் பார்த்து உள்ளது உள்ளபடி அடித்தார்கள். அன்றைக்கு அவர்கள் செய்த ஒரே சரியான வேலை அதுதான். அதை முடிப்பதற்குள் மூக்காயி ஓடி வந்துவிட்டார்.

"என் ராசாத்தி!" என்று எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். எருமை அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது. அந்த அம்மாள் அழுத அழுகையைப் பார்த்து, பின்னாலேயே வந்த வீரணனும், மில் வாசலில் நின்ற பாயும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அழகர்சாமியும் துடைத்துக்கொண்டார். பிறகு மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்: "அக்கா, ஆசைப்படாதீங்க. இது உங்களுது இல்லை."

"என்னது?"

"உங்க எருமைக்கு நெத்தியில சுழி இருக்கு. மணி கட்டியிருக்கு. நோட்டீஸைப் படிச்சுக் காட்டுறேன், கேளுங்க. இது ஊரான் வீட்டு எருமை. இதை உங்ககிட்டக் குடுத்தா அந்த மனுஷனுக்கு நாங்க என்ன பதில் சொல்றது?"

மூக்காயிக்குக் கோபத்தில் வாய் குழறியது. "அடப் பாவிகளா! எட்டு வருஷமா தண்ணி காட்டி வளத்த என்கிட்டயேவா?"

கயிற்றை அவிழ்க்கப் போனார். தவசி கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாய் திட்டினார், வீரணன் தவசியின் சட்டையைப் பிடித்தார். இந்தக் களேபரத்தில் எருமை ஒரு தடவை அடிவயிற்றிலிருந்து கத்தியது. வாலைத் தூக்கியது. எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"வலி எடுத்துருச்சு! தள்ளுங்க, தள்ளுங்க! யாராவது வைக்கோல் கொண்டாங்கய்யா!" என்று மூக்காயி சேலையை இழுத்துச் செருகினார்.

எருமை தலையை இடது பக்கமும் வாலை வலது பக்கமும் வைத்துக் கடைக்குக் குறுக்கே நின்றது. வலது பக்கத்தில், வாலுக்குக் கீழே, இரண்டு சின்னக் குளம்புகள் எட்டிப் பார்த்தன.

வெள்ளைக்கண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "பெரிய சகலை! எருமை ஓரத்தைத் தாண்டுது!"

"வலது ஓரமா?"

"வலது ஓரம்தான்!"

அழகர்சாமி பதறவில்லை. காலையில் இருந்த அழகர்சாமி இல்லை அவர். கற்றுக்கொண்டவர். "பெட்டியில டிக் இருக்கான்னு பாரு" என்றார்.

வெள்ளைக்கண்ணு உள்ளே பாய்ந்து பார்த்துவிட்டு, "இருக்கு சகலை!" என்று கத்தினார்.

"அப்ப யாரும் பயப்பட வேண்டாம். மிச்சம் தானா கீழே இறங்கிரும்."

இறங்கியது. மூக்காயியின் கைகளில் வழுக்கி, வைக்கோல் மேல், கறுப்பாகப் பளபளவென்று ஒரு கன்றுக்குட்டி விழுந்தது. மூச்சு விட்டது, காதை ஆட்டியது. "கெடேரி! பொட்டைக் கன்னு!" என்று மூக்காயி சிரித்து அழுதார். தாயும் பிள்ளையும் பிழைத்துவிட்டன. நான் சொல்வதற்கு வெட்கப்படவில்லை, இதை எழுதும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மூன்று சகலைகளும் கை கூப்பிக்கொண்டு நின்றார்கள். மதுரைத் தம்பி சொன்னது எழுத்துக்கு எழுத்து நடந்துவிட்டது.

"ஆனா இடது பக்கத்துல இருந்துல்ல ஆரம்பிக்கணும்?" என்றார் வெள்ளைக்கண்ணு.

நியாயம்தான். மூவரும் கன்றைப் பக்குவமாகத் தூக்கி, தாயின் தலைப்பக்கம், இடது ஓரத்துக்கு நேராகப் படுக்க வைத்தார்கள். எருமை குனிந்து கன்றை நக்கத் தொடங்கியது. இவர்கள் செய்த காரியம் ஒன்று உருப்படியாக முடிவதைப் பார்த்து மூக்காயிக்குக் கோபம்கூட இறங்கிவிட்டது.

"சரிப்பா, நல்லா இருங்க. வழி விடுங்க, நான் ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டு போறேன்."

"கொஞ்சம் பொறுங்கக்கா" என்றார் அழகர்சாமி. அவர் முகத்தில் கவலை படர்ந்திருந்தது. தாயையும் கன்றையும் மேலும் கீழுமாகப் பார்த்தார். மேலே தாய், இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை முழுசாக நின்றது. கீழே கன்று, இடது ஓரத்தில் கொஞ்சூண்டு. அதற்கப்புறம் வால்வரை வெறும் தரை.

அழகர்சாமி கொத்தனாரின் தூக்குக்குண்டை எருமையின் வாலிலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தார். சந்தேகமே இல்லை.

"தவசி" என்றார் கம்மிய குரலில், "நீதான்ப்பா நம்மள்ல நெட்டை."

 தவசி சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கன்றின் பக்கத்தில் வைக்கோல் மேல் நீட்டிப் படுத்தார். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், காலை நீட்டு, தாண்டிராத, நிறுத்து!" என்று வெள்ளைக்கண்ணு சொல்லச் சொல்ல, தவசியின் குதிகால் வாலுக்கு நேராக வந்து நின்றது. பத்தி நிரம்பிவிட்டது.

எருமை கன்றை நக்கி முடித்துவிட்டு, வரிசைப்படி தவசியை நக்கத் தொடங்கியது.